இணைய முகவரியும் நம் பட்டாவும்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கத்துக்கென்று ஒரு இணையதளம் வேண்டும் என்று பலரும் கேட்டு வருகிறீர்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது, பக்கங்களை எப்படி அடுக்குவது, "கூகுளில் முதலில் வர வைக்கிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் என்ன சொல்வது என்ற கேள்விகளும் வந்தன. இவை மூன்றும் இணைய முகவரி என்ற ஒரே விஷயத்தில் வந்து சேர்கின்றன. அதைப் பற்றி எல்லோருக்கும் புரியும்படி பேசும்படி நிர்வாகக் குழு கேட்டுக்கொண்டது.

முகவரிகள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். நீங்கள் படிக்க வசதியாக இங்கே தமிழில் ஒலிபெயர்த்துத் தருகிறேன்.

முகவரியின் உறுப்புகள்

நமக்கு வரும் கடித உறையைப் பாருங்கள். முதலில் வீட்டு எண், பிறகு தெரு, பிறகு கட்டுமாவடி, பிறகு மணமேல்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம், தமிழ்நாடு. சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிகிறது.

பட்டாவில் இது தலைகீழ். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடியும். புல எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் நடுவே ஒரு சாய்கோடு போடுவோம். 45/2 என்றால் 45ஆம் புலத்தின் இரண்டாம் உட்பிரிவு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

இணைய முகவரி இந்த இரண்டு முறைகளையும் ஒட்டவைத்தது. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது கடித உறை. அதற்குப் பின்னால் இருப்பது பட்டா.

நம் மாவட்ட நிர்வாகத்தின் தளத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் முகவரி புதுக்கோட்டை.என்ஐசி.இன். கடித உறை போலச் சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகிறது. கடைசியில் இருக்கும் 'இன்' இந்தியா. அதற்கு முன்னால் 'என்ஐசி', அதாவது அரசுத் தளங்களை நடத்தும் தேசிய தகவலியல் மையம். அதற்கும் முன்னால் நம் மாவட்டம். எனவே புள்ளிகள் வரும் இந்தப் பகுதியை வலப்பக்கத்திலிருந்து படித்தால்தான் உரிமையாளர் யார் என்று தெரியும். இதைத்தான் டொமைன் பெயர் என்கிறோம். இந்தப் பெயர் முறையை 1983இல் வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர்.

அதன் பிறகு சாய்கோடு போட்டு 'டிஏ' என்று வந்தால் தமிழ்ப் பகுதி. 'டிஏ' என்பது தமிழுக்கு உலக அளவில் வழங்கும் இரண்டெழுத்துக் குறி. அடுத்த சாய்கோட்டுக்குப் பின்னால் பக்கத்தின் பெயர். இங்கே பட்டா போல இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகலாம்.

தொடக்கத்தில் வரும் 'எச்டிடிபிஎஸ்' என்பது பக்கத்தைக் கொண்டுவரும் முறை. கடைசி 'எஸ்' இருந்தால், உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் செய்தியை வேறு யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்று பொருள். தளத்தை நடத்துபவர் நல்லவர் என்று அது சொல்லவில்லை. மோசடிக்காரரும் அந்த 'எஸ்' வாங்கிக்கொள்ளலாம்.

நடுவில் கேள்விக்குறி வந்து அதன்பின் நீளமான எழுத்தும் எண்ணுமாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சில தளங்களில் அது தேவையான விவரம். பல இடங்களில், இந்த இணைப்பு எந்தச் செயலி வழியாகப் பகிரப்பட்டது என்று கணக்கு வைப்பதற்கான வால். முகநூலிலிருந்து ஒரு செய்தி இணைப்பை எடுத்துப் பகிரும்போது கேள்விக்குறி முதல் வெட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். பக்கம் சரியாகத் திறந்தால் வெட்டியதையே அனுப்பலாம்.

முதலில் காக்க வேண்டியது பணத்தை

வலமிருந்து படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பெரும்பாலான போலி முகவரிகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஒரு கற்பனை உதாரணம். "இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே பணம் கட்டவும்" என்று ஒரு குறுஞ்செய்தி. இணைப்பு இப்படி இருக்கிறது: டிஎன்.ஜிஓவி.இன்.மின்பில்-இன்றே.காம். இடமிருந்து படிப்பவருக்குத் தமிழ்நாடு அரசு என்று தோன்றும். வலமிருந்து படித்தால் 'காம்', அதற்கு முன்னால் 'மின்பில்-இன்றே'. உரிமையாளர் அவ்வளவுதான். முன்னால் ஒட்டியிருக்கும் 'டிஎன்.ஜிஓவி.இன்' வெறும் அலங்காரம். தன் வீட்டு வாசலில் 'தாலுகா அலுவலகம்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம், அதைப் போல.

'ஜிஓவி.இன்', 'என்ஐசி.இன்' என்ற முடிவுகள் அரசுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. அந்த முடிவு, முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு நேர் முன்னால் வர வேண்டும். அங்கே ஒரு சிறுகோடு நுழைந்து 'ஜிஓவி-இன்' என்று இருந்தாலும் அது அரசு முகவரி ஆகாது.

வங்கிகளுக்கும் இதே போன்ற ஏற்பாடு வந்துவிட்டது. 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரியை வங்கிகளுக்கு மட்டும் ஒதுக்குவதாக ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. 2025 அக்டோபர் 31க்குள் மாறிக்கொள்ளும்படி வங்கிகளுக்கு உத்தரவும் போட்டது. உங்கள் வங்கியின் தளத்தைத் திறக்கும்போது இந்த முடிவைத் தேடிப் பாருங்கள். இதையும் மீறிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் புகார் போனால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

தேடுபொறி முகவரியை எப்படிப் பார்க்கிறது?

கூகுள் போன்ற தேடுபொறி மூன்று வேலைகள் செய்கிறது. இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கிறது. படித்ததைத் தன் பேரேட்டில் பதிந்து வைக்கிறது. நாம் எதையாவது கேட்கும்போது அந்தப் பேரேட்டைப் புரட்டி எது முதலில், எது பின்னால் என்று வரிசைப்படுத்துகிறது.

அந்தப் பேரேட்டில் ஒரு பக்கத்தின் அடையாளம் அதன் முகவரிதான். நிலப் பதிவேட்டில் புல எண் எப்படியோ அப்படி. யார் யார் இந்தப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், இது என்ன சொல்கிறது என்ற விவரமெல்லாம் அந்த முகவரியின் பேரில்தான் சேர்கிறது.

முகவரியில் வரும் சொற்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் கடைத்தெருவில் கருவாடு விற்கும் ஒருவரிடம் "கட்டுமாவடி-சிறந்த-கருவாடு-மொத்த-விலை.காம் என்று பெயர் வாங்கினால் போதும், முதலிடம் நிச்சயம்" என்று ஒருவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். டொமைன் பெயரிலோ பக்க முகவரியிலோ தேடல் சொற்களை வைப்பதால் மட்டும் வரிசையில் கிடைக்கும் பயன் ஏறக்குறைய இல்லை என்று கூகுளே தன் வழிகாட்டிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து கைபேசித் தேடல் முடிவுகளில் முழு முகவரியைக் காட்டுவதையும் அது நிறுத்தத் தொடங்கிவிட்டது. டொமைன் பெயர் மட்டும்தான் தெரிகிறது. நம்மில் பெரும்பாலோர் தேடுவது கைபேசியில்தானே?

கடைக்காரர்கள் பணம் செலவழிக்காமல் செய்யக்கூடிய வேலை வேறு ஒன்று இருக்கிறது. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்ற இலவசப் பதிவில் கடையின் பெயர், இடம், திறந்திருக்கும் நேரம், தொலைபேசி எண், நல்ல படங்கள் இவற்றைச் சரியாகப் போட்டு வையுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியில் வருபவர் "பக்கத்தில் மீன் எங்கே கிடைக்கும்" என்று தேடும்போது அவருக்கு வரைபடத்தில் தெரிவது அந்தப் பதிவுதான்.

அப்படியானால் முகவரி எப்படி இருந்தாலும் பரவாயில்லையா? அப்படியும் இல்லை. மூன்று இடங்களில் அது முக்கியம்.

ஒன்று, மனிதர் படிப்பது. ஒரு முகவரியைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கும் என்று புரிந்தால் ஆள் நம்பித் திறப்பார். சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டைவிடச் சிறுகோடு போடும்படி கூகுள் சொல்கிறது. எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தாக இருப்பது நல்லது. ஏனென்றால் சாய்கோட்டுக்குப் பின்னால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகக் கணக்காகலாம்.

இரண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரே முகவரி. ஒரே பக்கம் நான்கு முகவரிகளில் திறந்தால் தேடுபொறிக்கு எது உண்மையானது என்ற குழப்பம் வரும். ஒரே நிலத்துக்கு நான்கு எண்ணில் பட்டா இருப்பது போன்ற சிக்கல். இதைத் தீர்க்க 2009 பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஒரு குறியீட்டை ஏற்றுக்கொண்டன. "இந்தப் பக்கத்தின் மூல முகவரி இதுதான்" என்று பக்கத்துக்குள்ளேயே எழுதி வைக்கும் குறி அது. தளம் செய்பவரிடம் "கெனானிக்கல் போட்டிருக்கிறீர்களா" என்று கேளுங்கள். அவருக்குப் புரியும்.

மூன்று, நிலைத்திருப்பது. மற்ற இரண்டையும்விட இது பெரிது.

மாறாத முகவரியின் மதிப்பு

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். நல்ல முகவரி என்பது மாறாத முகவரி என்பதே அதன் சாரம். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்று அதில் சொல்கிறார்.

தமிழிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தருகிறது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரிசை எண். திருக்குறளுக்கு எண் 1. அந்த எண்தான் நூலின் பக்க முகவரியிலும் இருக்கிறது. தேடல் சொல் எதுவும் முகவரியில் இல்லை. ஆனாலும் நூலின் பெயரைத் தமிழில் தேடினால் அந்தப் பக்கங்கள் கிடைக்கின்றன. பக்கத்துக்குள் நூல் முழுவதும் இருக்கிறது, ஆண்டாண்டாகப் பலரும் அதற்கு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கு எதிரான உதாரணம் சுருக்க முகவரிகள். நீளமான முகவரியைச் சுருக்கித் தர கூகுளே 'கூ.ஜிஎல்' என்ற சேவையை நடத்தியது. 2018இல் அதை மூடப்போவதாகச் சொல்லி, பிறகு புதிதாகச் சுருக்குவதை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் புழக்கத்தில் இல்லாத பழைய சுருக்கங்களை முடக்கியது. யாரோ நோட்டீஸில் அச்சடித்த, சுவரில் எழுதிய முகவரிகள் அதோடு போயின. அடுத்தவர் தோட்டத்து வழியாக நம் வீட்டுக்குப் பாதை வைத்தால், அவர் வேலி போடும் நாளில் நாம் நிற்க வேண்டியதுதான்.

நமக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நாம் கடலோரத்தில் இருக்கிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் நம் மாவட்டத்தை என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு இரவில் ஒருவர் கையில் இருக்கும் போனில் 10 சதவீதம் சார்ஜ்தான் மிச்சம் என்று வையுங்கள். பாதுகாப்பு மையம் எங்கே, யாரை அழைப்பது என்று பார்க்க, போன வருஷம் வாட்ஸ்அப்பில் வந்த நம் சங்க இணைப்பைத் தொடுகிறார். "404, பக்கம் இல்லை" என்று வருகிறது. நடுவில் யாரோ தளத்தைப் புதுப்பிக்கிறேன் என்று முகவரியை மாற்றிவிட்டார்கள். அந்த எண்கள் புதிய முகவரியில் பத்திரமாக இருக்கும். அவருக்கு அதனால் என்ன பயன்?

எனவே அவசரத் தொலைபேசி எண்கள் பக்கத்துக்கு ஒரே முகவரி, எந்தக் காலத்திலும் மாறாத முகவரி வேண்டும். வருஷத்தை அதில் போடக் கூடாது. 'எண்கள்-2025', 'எண்கள்-2026-புதியது' என்று வருஷா வருஷம் பக்கம் திறந்தால் பழைய இணைப்பை வைத்திருப்பவர் பழைய எண்ணைத்தான் பார்ப்பார். முகவரி அப்படியே இருக்கட்டும், உள்ளே இருக்கும் எண்களை மாற்றுங்கள், "கடைசியாகத் திருத்திய தேதி" என்று மேலே எழுதுங்கள்.

தவிர்க்க முடியாமல் முகவரியை மாற்றினால், பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதிய இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டு. அதன் எண் 301. வீடு மாறும்போது தபால்காரரிடம் சொல்லி வைப்பது போல. இதைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. நம்மைப் பொறுத்தவரை என்றைக்கும் வைத்திருப்பதுதான் சரி.

தமிழில் முகவரி வைக்கலாமா?

இளைஞர்கள் சிலர் கேட்டீர்கள். வைக்கலாம். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று மூன்று நாடுகளுக்கும் தமிழ் எழுத்திலேயே டொமைன் முடிவுகள் இருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையின் தமிழ்த் தலைப்புதான் முகவரி. தேடுபொறிகளும் இதை நன்றாகப் புரிந்துகொள்கின்றன.

நடைமுறையில் ஒரு சங்கடம் இருக்கிறது. 'கட்டுமாவடி' நம் கண்ணுக்கு 6 எழுத்து. கணினி இதை 10 குறிகளாகச் சேமிக்கிறது. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். முகவரியை நகல் எடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரிந்துவிடுகிறது. ஆக நம் ஊர்ப் பெயர் மட்டுமே 90 எழுத்து. வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு இணைப்பு வந்தால் பாதிப் பேர் வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார்கள்.

அதனால் என் யோசனை இது. முகவரி ஆங்கில எழுத்தில் சிறியதாக இருக்கட்டும். பக்கத்தின் தலைப்பும் உள்ளடக்கமும் நல்ல தமிழில் இருக்கட்டும். தமிழில் தேடுபவருக்கு நம் பக்கத்தைக் காட்டித் தருவது தலைப்பும் உள்ளடக்கமும்தான்.

ஆங்கிலத்தில் எழுதும்போது நம் ஊருக்குப் பல உருவங்கள். கடைசி எழுத்துக்கு ஒருவர் 'ஐ' போடுகிறார், ஒருவர் 'ஒய்' போடுகிறார். 'மா'வுக்கு ஒரு 'ஏ'யா இரண்டா என்பதும் அவரவர் இஷ்டம். அரசு ஆவணங்களிலும் சாலைப் பலகையிலும் இருக்கும் எழுத்தை நாமும் எடுத்துக்கொள்வோம். மற்ற எழுத்துக்கூட்டல்களைக் கூகுள் பெரும்பாலும் தானே புரிந்துகொள்ளும்.

நம் சங்கம் செய்ய வேண்டியவை

முடிப்பதற்கு முன் ஐந்து யோசனைகளைக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, டொமைன் பெயரைச் சங்கத்தின் பெயரில் பதிய வேண்டும். டொமைன் என்பது கிரயம் இல்லை, குத்தகை. ஒரு வருஷத்திலிருந்து 10 வருஷம் வரை கட்டலாம், பிறகு புதுப்பிக்க வேண்டும். தளம் செய்துகொடுக்கும் பையனின் சொந்தக் கணக்கில் பதிந்துவிட்டு, அவர் வெளிநாடு போனபின் கடவுச்சொல் தேடி அலையக் கூடாது. புதுப்பிக்க மறந்த பெயரைச் சூதாட்டக்காரர்கள் எடுத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. சங்கத்தின் மின்னஞ்சல், இரண்டு நிர்வாகிகளின் கைபேசி எண், செயலாளர் நோட்டில் புதுப்பிக்கும் தேதி, மூன்றும் வேண்டும்.

இரண்டாவது, பகுதிகள் நான்கு போதும்: அறிவிப்புகள், அவசர எண்கள், காலாண்டிதழ், கடைகளும் சேவைகளும். சாய்கோட்டுக்கு மேல் சாய்கோடு போட்டு ஆழமாகப் போக வேண்டாம்.

மூன்றாவது, காலாண்டிதழுக்கு மட்டும் ஆண்டும் மாதமும் முகவரியில் வரட்டும். அது அந்தந்தக் காலத்தின் பதிவு. பழைய இதழ் எதையும் அழிக்கக் கூடாது.

நான்காவது, மற்றப் பக்கங்களின் முகவரியை யார் கேட்டாலும் பொதுக்குழுவில் சொல்லாமல் மாற்றக் கூடாது. நிலத்தின் எல்லைக் கல்லைப் போல அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, அவசர எண்கள் பக்கத்தின் முகவரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மீன் மார்க்கெட்டிலும், ரேஷன் கடையிலும், பள்ளிகளிலும், கோயில், பள்ளிவாசல், தேவாலய அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்ட வேண்டும். அதே தாளில் எண்களையும் அச்சடித்துவிடுங்கள். புயல் நேரத்தில் முதலில் போவது டவர்தான்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் போனில் கடைசியாக வந்த ஏதாவது ஒரு இணைப்பைத் திறக்காமல் முகவரியை மட்டும் பாருங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படித்து, உரிமையாளர் யார் என்று பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒருமுறை காட்டிக்கொடுங்கள். வங்கிக் கணக்கும் ஓய்வூதியமும் அவர்கள் போனில்தான் இருக்கின்றன.